ஓரத்து நட்சத்திரங்களுக்கு ஏன் சிறகு முளைக்கிறது?

நிலவில்லாத இரவில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, 24 மி.மீ. லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வானத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தின் நடுவில் நட்சத்திரங்கள் ஊசிமுனை போல இருக்கும். மூலைக்குப் போகப் போக ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் சிறகு முளைத்திருக்கும். முதல்முறை பார்த்தபோது என் லென்ஸ் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பழுதில்லை. ஒரே லென்ஸிடம் இரண்டு வேலைகளைச் சேர்த்துக் கேட்டதன் விளைவு அது: அகலமாகப் பார்க்க வேண்டும், வெளிச்சத்தையும் அள்ளிக்கொண்டு வர வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்யவைக்க லென்ஸ் வடிவமைப்பாளர்கள் நூறாண்டுகளுக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள்.

அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸைப் புகைப்படக்காரர்கள் ‘ஃபாஸ்ட் லென்ஸ்’ என்பார்கள். வெளிச்சம் நிறைய வந்தால் ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடலாம், அதனால் வந்த பெயர். அதை அளக்க எஃப் எண் இருக்கிறது. லென்ஸின் பெயரில் மி.மீ. கணக்கில் வருவது அதன் குவியத் தூரம். அது குறையக் குறையப் பார்வை அகலும். அந்தத் தூரத்தை, முன்பக்கமிருந்து பார்த்தால் தெரியும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் துவாரம் 25 மி.மீ. இருந்தால் எஃப் 2. எண் சிறிதாக ஆக வெளிச்சம் கூடும். எஃப் 2.8இலிருந்து எஃப் 1.4க்குப் போனால் துவாரத்தின் விட்டம் இரண்டு மடங்கு, வெளிச்சம் நான்கு மடங்கு.

ஆரம்பத்தில் இந்த இரண்டு ஆசைகளும் தனித்தனி வழியில்தான் போயின. 1840இல் வியன்னாவின் கணிதப் பேராசிரியர் யோசஃப் பெட்ஸ்வால் எஃப் 3.6 வெளிச்சத்தில் ஒரு லென்ஸைக் கணக்கிட்டார். அந்தக் கணக்கைப் போட்டுமுடிக்க ஆஸ்திரியப் பீரங்கிப் படையிலிருந்து கணிதம் தெரிந்த வீரர்களை அவருக்குக் கொடுத்து உதவினார்கள். அதுவரை முகத்தைப் படமெடுக்க நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. இந்த லென்ஸ் அதை வெகுவாகக் குறைத்தது. ஆனால் நடுவில் இருக்கும் முகம் மட்டும்தான் கூர்மை, சுற்றியுள்ளதெல்லாம் சுழன்று கலங்கியிருக்கும்.

அறுபது ஆண்டு கழித்து, 1900இல், பெர்லினின் கோயர்ஸ் நிறுவனத்துக்காக எமில் ஃபோன் ஹோக் மறுகோடிக்குப் போனார். அவருடைய ஹைப்பர்கான் லென்ஸில் இருந்தவை இரண்டே இரண்டு மெல்லிய கண்ணாடிக் கிண்ணங்கள், குழிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. பார்வைக்கோணம் 130 பாகைக்கும் மேல். துவாரமோ வெறும் எஃப் 22. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சாய்வாக வரும் ஒளிக்குத் துவாரம் ஒடுங்கித் தெரிகிறது, அது போக வேண்டிய தூரமும் கூடுகிறது, ஃபிலிமில் சாய்ந்து விழுவதால் பரவியும் போகிறது. இவையெல்லாம் சேர்ந்து சாய்வுக் கோணத்தின் கொசைன் மதிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப வெளிச்சம் குறையும். நடுவிலிருந்து 45 பாகை விலகினால் கால்பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். 60 பாகை விலகினால் பதினாறில் ஒரு பங்கு.

இதைச் சரிக்கட்ட ஹைப்பர்கானின் முன்னால் நட்சத்திர வடிவில் வெட்டிய ஒரு தகட்டுக் காற்றாடியை வைத்தார்கள். ரப்பர் பந்தை அமுக்கினால் வரும் காற்றில் அது சுழலும். பெரும்பாலான நேரம் நடுவின் வெளிச்சத்தைத் தடுத்து ஓரத்தை நிரம்ப விடும். கடைசியில் அதைக் கீழே இறக்கிவிட்டு நடுவுக்கும் கொஞ்சம் பங்கு கொடுப்பார்கள். லென்ஸ் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான்.

சரி, பெட்ஸ்வாலின் வெளிச்சத்தையும் ஹைப்பர்கானின் அகலத்தையும் ஏன் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை? இதற்கான பதிலை 1850களிலேயே லூட்விக் சைடல் என்ற ஜெர்மானியர் எழுதிவைத்துவிட்டார். லென்ஸ் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே காட்டாமல் போவதைப் பிறழ்ச்சி என்கிறோம். ஒற்றை நிற ஒளிக்கு அடிப்படைப் பிறழ்ச்சிகள் ஐந்து. ஒவ்வொன்றும் துவாரம் பெரிதாகும்போதும் கோணம் விரியும்போதும் எந்த விகிதத்தில் வளர்கிறது என்று அவர் கணக்கிட்டார். ஓரத்து ஒளியையும் நடு ஒளியையும் வேறு வேறு இடத்தில் குவிக்கும் கோளப் பிறழ்ச்சி துவாரத்தின் மும்மடியாக வளரும், கோணத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. உருவத்தை வளைத்துக் காட்டும் திரிபு கோணத்தின் மும்மடியாக வளரும், துவாரத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இடையில் நிற்பவைதான் வில்லங்கம். புள்ளிக்கு வால் முளைக்கவைக்கும் கோமா துவாரத்தின் வர்க்கத்தோடு கோணத்தைப் பெருக்கினால் வரும் அளவுக்கு வளரும். புள்ளியைக் கோடாக இழுக்கும் அஸ்டிக்மாட்டிசம் துவாரத்தோடு கோணத்தின் வர்க்கத்தைப் பெருக்கிய அளவுக்கு வளரும். அகலத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கேட்டால் தொல்லைகள் கூடுவதில்லை, பெருகுகின்றன.

கோமா எப்படி வருகிறது? லென்ஸை வளையம் வளையமாகப் பிரித்து நினைத்துக்கொள்ளுங்கள். சாய்வாக வரும் நட்சத்திர ஒளியை ஒவ்வொரு வளையமும் ஒரு சிறு வட்டமாக, சற்றே வேறு இடத்தில், வேறு அளவில் போடுகிறது. வெளி வளையம் போடும் வட்டம் பெரிது, விலகலும் அதிகம். எல்லா வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது வால்நட்சத்திரம் போன்ற உருவம் கிடைக்கிறது. அதோடு அஸ்டிக்மாட்டிசமும் இன்னும் நுணுக்கமான சில பிறழ்ச்சிகளும் சேர்ந்துகொண்டால் அந்த வால் இரண்டு சிறகாக விரியும்.

கோமாவை அடக்க ஓர் அழகான வழி இருக்கிறது: சமச்சீர். துவாரத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிகளையே பின்னால் திருப்பி வைத்தால், முன்பாதி செய்யும் தவறைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்து அழித்துவிடும். கோமாவும் திரிபும் பெருமளவு மறைந்துபோகும். சோவியத் நாட்டில் மிகயீல் ருசீனவ் 1940களில் இந்த வழியை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். இரண்டு கோடியிலும் பெரிய குழிலென்ஸ்களை வைத்தார். அப்படி வைத்தால் சாய்வாகப் பார்க்கும்போது துவாரம் ஒடுங்குவதற்குப் பதிலாக அகன்று தெரியும், மூலை இருட்டும் குறையும். லூட்விக் பெர்டெலே இதே பாதையில் கணக்கிட்ட 21 மி.மீ. பயோகான் லென்ஸை ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 1954இல் வெளியிட்டது. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் அருமையான லென்ஸ். எஃப் 4.5தான். அதன் பின்கோடி ஃபிலிமை உரசுவதுபோல் உள்ளே போய் உட்காரும்.

அங்கேதான் எஸ்எல்ஆர் கேமரா குறுக்கே வந்தது. லென்ஸ் பார்ப்பதையே கண்ணும் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்தக் கேமராவுக்குள் சாய்ந்த ஆடி ஒன்று இருக்கும். படமெடுக்கும் நொடியில் அது மேலே எழும்ப வேண்டும். அதற்கு இடம்விட லென்ஸின் கடைசிக் கண்ணாடி ஃபிலிமிலிருந்து கிட்டத்தட்ட 4 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். 21 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் 40 மி.மீ. தள்ளி நின்று எப்படி உருவத்தைக் குவிக்கும்? நிக்கான் 1959இல் வெளியிட்ட 21 மி.மீ. லென்ஸை மாட்ட, ஆடியை மேலே தூக்கிப் பூட்டிவைக்க வேண்டியிருந்தது. பார்ப்பதற்குத் தனியாக ஒரு வியூஃபைண்டரைக் கேமராவின் தலையில் செருகிக்கொள்ள வேண்டும்.

தீர்வு சினிமாவில் ஏற்கெனவே இருந்தது. 1930களில் வண்ணப்படம் எடுத்த டெக்னிக்கலர் கேமராவில், ஒளியை நிறம் பிரிக்கும் பட்டகம் லென்ஸுக்குப் பின்னால் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டெய்லர் ஹாப்சன் நிறுவனத்தில் எச்.டபிள்யூ. லீ என்பவர், தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி யோசித்தார். முன்னால் பெரிய குழிலென்ஸ் ஒளியை முதலில் விரித்துவிடும், பின்னால் இருக்கும் குவிலென்ஸ் கூட்டம் அதைச் சேர்த்துப் பிடிக்கும். குவியத் தூரம் குறைவாகவே இருக்கும், பின்னால் இடமோ தாராளமாகக் கிடைக்கும். 1950இல் பிரான்சின் பியேர் ஆங்ஷெனியூ இதே வழியில் 35 மி.மீ. எஃப் 2.5 லென்ஸ் ஒன்றைச் செய்து ‘ரெட்ரோஃபோகஸ்’ என்று பெயர் வைத்தார். அது அவருடைய வணிகப் பெயர். இன்று அந்த வகை முழுவதற்கும் அதுவே பெயர்.

ஆனால் முன்னால் குழிலென்ஸ், பின்னால் குவிலென்ஸ் என்று ஆனவுடன் சமச்சீர் போய்விட்டது. அடங்கியிருந்த கோமாவும் திரிபும் திரும்ப வந்தன. ஒரு தொலைவுக்குச் சரிசெய்தால் பக்கத்துப் பொருளில் படம் கலங்கியது. 1967இல் நிக்கானின் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் இதில் ஒரு பகுதியைத் தீர்த்தது. ஃபோகஸ் செய்யும்போது உள்ளே இருக்கும் ஒரு குழு மற்றவற்றைவிட வேறு அளவில் நகரும். இன்றைக்குப் பல நல்ல அகலக்கோண லென்ஸ்களிலும் இருக்கும் ஏற்பாடு இது.

மிச்சமிருந்த தொல்லைக்குக் காரணம் கண்ணாடியின் வடிவம்தான். லென்ஸின் பரப்பு ஏன் நெடுங்காலம் கோளத்தின் துண்டாகவே இருந்தது? கோளம் ஒளிக்குச் சிறந்த வடிவம் என்பதால் இல்லை. இரண்டு பரப்புகளை நடுவில் பொடி போட்டு எல்லாத் திசையிலும் மாற்றி மாற்றித் தேய்த்தால் அவை தாமாகவே கோளமாகிவிடும். எந்த இடத்திலும் ஒன்றோடொன்று பொருந்தி நகரக்கூடிய வடிவம் அது ஒன்றுதான். பட்டறைக்கு எளிது, அவ்வளவுதான். கோளத்திலிருந்து சில மைக்ரான் விலகிய வடிவம் கிடைத்தால் எத்தனை பிறழ்ச்சி நீங்கும் என்று வடிவமைப்பாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். கணக்கு எப்போதோ முந்திப் போய்விட்டது. கை பின்னால் வந்துகொண்டிருந்தது.

அரிய முன்மாதிரி லென்ஸ்கள் எல்லாம் இந்த இடைவெளியில் பிறந்தவை என்பது என் எண்ணம். யேனா நகரின் ஸைஸ் தொழிற்சாலையில் சோதனைக்கென்று ஒன்றிரண்டு மட்டும் செய்த லென்ஸ்களில் ‘வி’ என்ற எழுத்தைப் பொறித்தார்கள். சோதனை என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. 1930களில் வில்லி மெர்டே அங்கே முயன்ற ஸ்ஃபேரோகான் என்ற அகலக்கோண முன்மாதிரிகள், முன்கண்ணாடி பூசணி போலப் பிதுங்கி நிற்பவை. 1945இல் அமெரிக்கப் படை யேனாவை விட்டுப் போகும்போது தொழிற்சாலையின் லென்ஸ் சேகரிப்பையும் எடுத்துப்போனது. அதனால்தான் அவற்றில் சில பின்னாளில் அமெரிக்காவில் தலைகாட்டின.

35 மி.மீ. அகல ஃபிலிம் போடும் கேமராக்களுக்குக் கோளமற்ற பரப்புகளோடு விற்பனைக்கு வந்த முதல் லென்ஸ், லைக்கா கேமராக்களைச் செய்த லைட்ஸ் நிறுவனத்தின் நாக்டிலக்ஸ் 50 மி.மீ. எஃப் 1.2. ஆண்டு 1966. அதன் இரண்டு கோளமற்ற பரப்புகளையும் தனியொரு இயந்திரத்தில் கைப்பக்குவத்தோடு தேய்த்தார்கள். மொத்தமாகச் செய்தது இரண்டாயிரத்தை எட்டவில்லை. அது அகலக்கோண லென்ஸ் அல்ல, ஆனால் கதவைத் திறந்தது அதுதான். 1975இல் கேனான் 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை ஒரு கோளமற்ற பரப்போடு வெளியிட்டது. எஸ்எல்ஆரில் அவ்வளவு அகலமும் அவ்வளவு வெளிச்சமும் சேர்ந்தது பெரிய சாதனை. லைக்காவின் 35 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் கதை இன்னும் தெளிவாகச் சொல்லும். 1961இல் கனடாவில் வால்டர் மாண்ட்லர் வடிவமைத்த முதல் வடிவத்தில் எல்லாம் கோளப் பரப்பு. முழுக்கத் திறந்தால் விளக்குகளைச் சுற்றிப் பனிமூட்டம் படரும். 1990இல் இரண்டு கோளமற்ற பரப்புகளோடு வந்த வடிவம் அதைத் தீர்த்தது, ஆனால் செய்ய மிகவும் கடினம், சுமார் இரண்டாயிரத்தோடு நின்றுபோனது. நான்கே ஆண்டில், கண்ணாடியைச் சூடாக்கி அச்சில் அழுத்தும் முறை கைகூடியதும், ஒரே ஒரு கோளமற்ற பரப்போடு அடுத்த வடிவம் வந்தது. இடையில் வந்தது இன்று சேகரிப்பாளர்கள் தேடியலையும் பொருள்.

எஃப் எண்ணைக் குறைத்துக்கொண்டே போகலாமா? முடியாது. நன்கு சரிசெய்த லென்ஸ் காற்றில் எஃப் 0.5க்குக் கீழே போக இயற்பியலே விடாது, ஏனென்றால் அங்கே ஒளிக்கூம்பு முழு அரைக்கோளமாக விரிந்துவிடுகிறது. அதற்கு அருகே போனது எர்ஹார்ட் கிளாட்ஸெல் ஸைஸுக்காக 1966இல் வடிவமைத்த 50 மி.மீ. எஃப் 0.7 பிளானார் லென்ஸ். மொத்தம் பத்துதான் செய்தார்கள். ஆறு நாசாவுக்குப் போயின, ஒன்று ஸைஸிடமே நின்றது, மூன்றைத் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வாங்கினார். 1975இல் வந்த ‘பாரி லிண்டன்’ படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகள் இவற்றால் எடுத்தவை. கேமராவில் பொருத்த லென்ஸின் பின்கோடி ஃபிலிமுக்குச் சில மி.மீ. பக்கத்தில் வர வேண்டும். அதற்காகக் கேமராவையே அறுத்துச் செதுக்கினார்கள். ஐம்பது போதவில்லை, இன்னும் அகலம் வேண்டும் என்று குப்ரிக் கேட்டபோது, புரொஜெக்டருக்காகச் செய்த ஒரு துணை லென்ஸை முன்னால் பொருத்தி 36.5 மி.மீ. ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் அகலமும் வெளிச்சமும் சேர வேண்டுமென்றால் இந்த அளவுக்கு மெனக்கெட வேண்டியிருந்தது.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் வேகமாகவே நடந்தது. அச்சில் வார்க்கும் முறை முதிர்ந்தது. ஒளிக்கதிர்களைக் கணினி நொடிக்கு லட்சக்கணக்கில் பின்தொடர்ந்தது. 2008இல் லைக்கா 21 மி.மீ. எஃப் 1.4 வெளியிட்டது. 2015இல் சிக்மா 20 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை முழு அளவு சென்சார் கொண்ட எஸ்எல்ஆருக்குத் தந்தது: 15 கண்ணாடிகள், 950 கிராம். 2023இல் அதே நிறுவனம் 14 மி.மீ. எஃப் 1.4 வரை போனது, இரவு வானத்தைப் படமெடுப்பவர்களை மனதில் வைத்தே. எடை ஒரு கிலோவுக்கும் மேல். மூலையில் சிறகுகளைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆடிக்கு வழிவிடப் பிறந்த ரெட்ரோஃபோகஸ் வகை, ஆடியில்லாத கேமராக்கள் வந்த பிறகும் ஓய்வுபெறவில்லை. பயோகான் போன்ற லென்ஸ்கள் ஒளியை மிகச் சாய்வாக அனுப்பும். ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொண்டது. டிஜிட்டல் சென்சாரின் குழிகள் பொறுத்துக்கொள்வதில்லை, ஓரத்தில் நிறம் மாறிப்போகிறது. ஒளியை நிமிர்த்தி அனுப்பும் ரெட்ரோஃபோகஸ் சாயலை அதனால் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி. அதன் பிரதான கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமமான கோணத்தைப் பார்க்கிறது, துவாரம் எஃப் 1.8 அளவில். பெட்ஸ்வாலும் ஹோக்கும் ஆளுக்கொரு பக்கம் தேடியது இரண்டும் அதில் இருக்கிறது. சென்சார் மிகச் சிறியது என்பதால் உண்மையான குவியத் தூரம் சில மி.மீ. மட்டுமே, எல்லாப் பிறழ்ச்சிகளும் அதே விகிதத்தில் சுருங்கிவிடுகின்றன. உள்ளே இருப்பவை ஆறேழு பிளாஸ்டிக் துண்டுகள், அச்சில் கோடிக்கணக்கில் வார்த்தவை. ஏறக்குறைய எல்லாப் பரப்பும் கோளமற்றது. சென்சாருக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசித் துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு வளைவு, ஓரத்துக்குப் போகும்போது எதிர்த்திசையில் இன்னொரு வளைவு. இரண்டு சிறகு விரித்ததுபோல் இருக்கும். உருவம் கிண்ணம் போல வளையாமல் சென்சாரின் மேல் தட்டையாக விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வளைவு.