“தைரியமா இருங்க” என்று நான் இப்போது சொல்வதில்லை

பிசியோதெரபி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்டுவடம் அடிபட்டு வருகிறவர்களிடமெல்லாம் “தைரியமா இருங்கண்ணே, எல்லாம் சரியாயிடும்” என்று வாய் ஓயாமல் சொல்வேன். தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்த ஒருவர் ஒருநாள் கேட்டார்: “எது சார் சரியாவும்? காலு வருமா, வராதா? அதைச் சொல்லுங்க.” பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

முறிந்த முதுகெலும்பு கூடிவிடும். அதற்குள் ஓடும் தண்டுவடம் முழுதாகச் சிதைந்தால் திரும்ப முளைப்பதில்லை. இதை யாரும் தெளிவாகச் சொல்லாததால், எண்ணெய்க்கும் கட்டுக்கும் நகையை அடகு வைத்த குடும்பங்கள் எத்தனையோ. (கீழே விழுந்தவரை ஆளுக்கொரு கை, கால் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுவருகிறார்களே, அதிலேயே பாதிக் காயம் முழுக்காயமாகிவிடலாம். 108 வரும்வரை அசைக்காதீர்கள். தூக்கியே ஆக வேண்டுமென்றால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி பலகையில் தூக்குங்கள்.)

அவருக்கு நான் கற்றுத்தர வேண்டியவை நிறைய இருந்தன. உணர்வில்லாத உடம்பு வலி என்று கூப்பிடாது. எனவே படுத்திருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரள வேண்டும், உட்கார்ந்திருந்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்க வேண்டும். தவறினால் எலும்புவரை போகும் படுக்கைப்புண். மடியில் சூடான டம்ளர் வைக்கக் கூடாது. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். தேங்கினால் கிட்னிக்கு ஆபத்து. எல்லாம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சில வருடம் முன் அதே வார்டில் கிடந்த ஒருவர் செக்கப்புக்கு வந்திருந்தார். வீல்சேரைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, கைப்பிடியில் ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கியபடி, சுவரைப் பார்த்துக் கிடந்தவரிடம் “எத்தனை நொடின்னு எண்ணு தம்பி” என்றார். பிறகு நான் ஒருநாளும் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்: “மோஷன் யாரு எடுத்து விடுதா? பொண்டாட்டியா? நீயே எடுக்கலாம்டே. நான் எடுக்கேன்.” சுவர்ப் பக்கமிருந்த முகம் திரும்பியது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954இல் ஒரு வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். பிறகு வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அதே வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்ததும் அவரால்தான். தென்காசிப் பக்கம் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணனுக்கு 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடி. 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முதலில் தன்னம்பிக்கை வந்தது, பிறகு சேவை செய்தார்கள் என்றுதான் மேடைகளில் பேசுகிறார்கள். வார்டில் நான் பார்த்தது தலைகீழ். தன் கையால் இன்னொருவருக்கு ஒரு காரியம் ஆகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கையின் மேல் ஆளுக்கு நம்பிக்கை வருகிறது.

மூன்றாம் மாதம், பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையன் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தான். “எனக்கு ஓபியில வேலை கிடக்கு, கட்டில்லருந்து சேருக்கு எப்படி மாறணும்னு இவனுக்குக் கொஞ்சம் காட்டுங்க” என்று தென்னைக்காரரிடம் சொன்னேன். வேலை ஒன்றுமில்லை, பொய்தான். வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு இடத்தில் தப்பாகக் காட்டினார், மூன்றாம் முறை தானே திருத்திக்கொண்டார். புரட்டிப் படுக்க வைக்க நர்ஸை எதிர்பார்த்துக் கிடந்தவர், அன்றிரவு தன் போனில் 2 மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டார்.

இதையும் எல்லோர் மேலும் திணிக்கக் கூடாது. அடிபட்ட மாதமே ஒருவரை மேடையேற்றி ஊருக்கு உத்வேகம் கொடுக்கச் சொல்வது கொடுமை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிறார் என்றால் அவருக்குத் தேவை மனநல மருத்துவர். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

தென்னைக்காரர் போன வாரம் போன் செய்தார். குஷன் பிய்ந்துவிட்டதாம். பேச்சோடு பேச்சாக, “புதுசா யாரும் வந்து கிடக்காங்களா சார்?” என்றார். ஒரு பனையேறி வந்திருக்கிறார், நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை என்றேன். வியாழக்கிழமை வருகிறாராம். வீல்சேரோடு பஸ்ஸில் ஏற வழியில்லை. ஆட்டோவுக்குத்தான் பேரம் நடக்கிறது.