விலங்கியல் ஆய்விதழின் வாசலில் ஒரு வாவி நண்டு

மட்டக்களப்பு வாவியின் களி நண்டை மூன்று பேர் ஆராய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தீனிக்கு நண்டின் எடை விரைவாகக் கூடுகிறது என்று ஒருவர் பார்க்கிறார். செவுளில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளை இன்னொருவர் எண்ணுகிறார். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடக்கும் மாதங்களில் சினைக்கு வந்த பெண் நண்டுகள் என்ன செய்கின்றன என்று மூன்றாமவர் தேடுகிறார். விலங்கு ஒன்றுதான். ஆனால் முதலாவது கட்டுரை நீருயிரின வளர்ப்பு இதழுக்கும் இரண்டாவது ஒட்டுண்ணியியல் இதழுக்கும் உரியவை. விலங்கியல் ஆய்விதழ் தயக்கமின்றிக் கையில் எடுப்பது மூன்றாவதைத்தான்.

ஒவ்வோர் ஆய்விதழும் தன் முதற்பக்கங்களில் 'நோக்கமும் பரப்பும்' என்று ஒரு பகுதியை வைத்திருப்பது இதற்காகவே. வகைப்பாடு, உடலமைப்பு, உடற்றொழில், நடத்தை, சூழலியல், பரம்பல், கூர்ப்பு என்று அது அடுக்கிக்கொண்டு போகும். சில இதழ்கள் இன்னும் குறுகலானவை. 2001 இல் தொடங்கிய சூடாக்ஸா என்ற இதழ் வகைப்பாட்டுக்கு மட்டுமே உரியது. இந்தப் பகுதியை வாசிக்காமல் அனுப்பப்படும் கட்டுரைகள் மதிப்பாய்வாளரிடம் போகாமலே திரும்பி வருகின்றன. பதிப்பாசிரியர் தலைப்பு, சுருக்கம், அறிமுகத்தின் கடைசிப் பந்தி மூன்றையும் முதலில் பார்ப்பார். கட்டுரையின் கேள்வி அங்கே தெரியாவிட்டால் மீதிப் பக்கங்களை அவர் புரட்டுவதற்குக் காரணமே இல்லை.

'மட்டக்களப்பு மாவட்டத்தில் முதல் முறையாக' என்ற வரி கேள்வி ஆகாது. மாவட்ட எல்லை கச்சேரிக்கு, அதாவது அரச நிர்வாகத்துக்கு உரியது. நண்டுக்கு அது தெரியாது. முகத்துவாரமோ நண்டின் வாழ்க்கையை உண்மையிலேயே பிரிக்கும் எல்லை. களி நண்டின் பெண்கள் முட்டையிடக் கடலுக்குப் போகின்றன. குடம்பிகள் கடல்நீரில்தான் வளர்கின்றன. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் வாவியின் வாய் திறந்திருக்கும் காலத்தையும் அடைபட்ட காலத்தையும் ஒப்பிட்டால், மணல்திட்டு உள்ள எந்த நாட்டு வாவிக்கும் பொருந்தும் விடை கிடைக்கலாம். இதழ் தேடுவது அந்த அகலத்தைத்தான்.

அடுத்தது பெயர். 1998 வரை உலகெங்கும் பெரும்பாலான களி நண்டுகள் ஸ்கில்லா செராட்டா என்றே எழுதப்பட்டன. அந்த ஆண்டு சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விலங்கியல் இதழில் வெளியான மீளாய்வு ஒன்று, மரபணு, புரதம், உடலளவுகள் மூன்றையும் சேர்த்துப் பார்த்து அந்தப் பேரினத்தை நான்கு இனங்களாகப் பிரித்தது. ஆகவே அதற்கு முந்திய கட்டுரைகளில் 'செராட்டா' என்று இருந்தால் அது எந்த இனம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. செராட்டாவில் கண்களுக்கிடையே ஓட்டு விளிம்பில் உள்ள நான்கு பற்களும் உயரமாக இருக்கும். கொடுக்குக் காலின் நடுக்கணுவில் வெளிப்புறமாக இரண்டு முட்கள் தெளிவாகத் தெரியும். எல்லாக் கால்களிலும் பலகோண வலைக்கோலம் உண்டு. நான்கில் இன்னோர் இனமான ஒலிவேசியாவில் அந்தப் பற்கள் தாழ்ந்து உருண்டிருக்கும், கணு முட்கள் தேய்ந்து சிறுத்திருக்கும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வாழும் இடத்தைப் பொறுத்து அது மாறும். எந்த அடையாளத்தைக் கொண்டு இனங்கண்டீர்கள் என்று எழுதாத கட்டுரையை மதிப்பாய்வாளர் நம்ப வேண்டிய கடமை இல்லை.

நம்பிக்கைக்குப் பதிலாக அவர் கேட்பது மாதிரியை. நண்டைப் பனிக்கட்டியில் வைத்து உணர்விழக்கச் செய்தபின், கால் தசையில் அரிசியளவு எடுத்து 95 வீத எதனோலில் இட வேண்டும். தசையிலுள்ள நீர் எதனோலை ஐதாக்கிவிடும் என்பதால் ஒரு நாள் கழித்து அதை மாற்ற வேண்டும். முழு நண்டையும் அப்படியே ஊறவிட்டால் ஓட்டைத் தாண்டித் திரவம் போவதற்குள் உள்ளே அழுகல் தொடங்கிவிடும். ஃபோர்மலின் உருவத்தைக் காக்கும், மரபணுவைச் சிதைக்கும். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா மை எதனோலில் கரைந்து, எங்கே எப்போது பிடித்தது என்று தெரியாத நண்டொன்றுதான் போத்தலில் மிஞ்சும். பின்னர் கொழும்பு தேசிய அருங்காட்சியகம் போன்ற நிலையான சேகரிப்பில் மாதிரியை ஒப்படைத்து, அதன் பதிவிலக்கத்தைக் கட்டுரையில் கொடுக்க வேண்டும்.

போத்தலில் கிடக்கும் உடலுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கல்லோயாக் காட்டில் திரியும் யானையே சாட்சி. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிட்ட சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1758 இல் அதற்கு எலிபாஸ் மாக்சிமஸ் என்று பெயரிட்டு, வாழிடம் இலங்கை என்று குறித்தார். அவர் ஆதாரமாகக் கொண்டவற்றில் போத்தலில் இருந்த ஒரு யானைக் கருவும் ஒன்று. 2013 இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் விலங்கியல் இதழில் வந்த ஆய்வு, பழைய மரபணுவையும் புரதத்தையும் கொண்டு அந்தக் கரு ஆப்பிரிக்க யானையினுடையது என்று காட்டியது. ஆங்கில இயற்கையியலாளர் ஜோன் ரே 1664 இல் கண்டு எழுதிய, இன்றும் புளோரன்ஸில் இருக்கும் ஆசிய யானை எலும்புக்கூட்டை அந்த ஆய்வாளர்கள் பெயரின் வகை மாதிரியாக, அதாவது அந்தப் பெயர் எந்த விலங்குக்குரியது என்று நிறுவும் உடலாகத் தேர்ந்தெடுத்தனர். கருவும் எலும்பும் காப்பாற்றப்பட்டிருந்ததால்தான் இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகும் பிழையைத் திருத்த முடிந்தது.

சிறிய தவறுகளும் கட்டுரையைக் கவிழ்க்கும். மட்டக்களப்பு 7.71 பாகை வடக்கு, 81.69 பாகை கிழக்கு. இரண்டு எண்களும் இடம் மாறினால் வாவி நண்டு ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். காட்டுயிர்ச் சரணாலயத்திலோ பாதுகாக்கப்பட்ட விலங்கிலோ வேலை செய்திருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இலக்கம் வேண்டும். அதை வேலை முடிந்த பிறகு பின்திகதியிட்டு வாங்க முடியாது.

அதிகக் கட்டுரைகள் உண்மையில் விழுவது எண்ணிக்கையில்தான். ஓர் இரவில் ஒரே வலையில் முப்பது நண்டு பிடித்தால் அது முப்பது தனித்தனி அவதானம் ஆகாது. ஒரு வலை, ஓர் இரவு, அவ்வளவே. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலும் மேற்குக் கரையான படுவான்கரையிலும் பல இடங்களில், மாரியிலும் கோடையிலும் திரும்பத் திரும்பப் பிடித்து, ஒவ்வொரு முறையும் உப்புத்தன்மையை அளந்திருக்க வேண்டும். நண்டு பிடிக்கும் கூடு சின்ன நண்டைத் தப்பவிடும். ஆகவே கூட்டில் கண்ட சராசரி அளவு வாவியின் சராசரி அல்ல. முட்டை சுமக்கும் பெண்கள் வாவியில் அகப்படவில்லை என்றால் இனப்பெருக்கம் நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அவை கடலில் இருக்கும்.

இதையெல்லாம் தாண்டிய கட்டுரை பொதுவாக இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்களிடம் போகும். மாதங்கள் ஆகும். 'பெரிய திருத்தம்' என்று வரும் கடிதம் நிராகரிப்பு அல்ல. ஒவ்வொரு குறிப்புக்கும் எந்த வரியில் என்ன மாற்றினீர்கள் என்று பதில் எழுத வேண்டும்; உடன்படாத இடத்தில் காரணத்தை எழுதலாம்.

புதிய இனம் என்றால் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் சட்டத்தொகுதியும் சேர்ந்துகொள்ளும். 1999 க்குப் பின் வகை மாதிரியை வெளிப்படையாகக் குறிக்காத இனப்பெயர் செல்லாது. 2012 முதல் மின்வெளியீடும் ஏற்கப்படுகிறது, ஆனால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான சூபாங்கில் பதிவு அவசியம். அந்தப் பதிவுக்கான ஆதாரம் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். முகநூலில் போட்ட படமும், பங்கேற்பாளருக்குக் கொடுத்த மாநாட்டுச் சுருக்கமும் வெளியீடு அல்ல.

ஆனால் இந்தச் சட்டத்தொகுதி மதிப்பாய்வைக் கேட்பதில்லை. ஒரு வாரத்தில் ஏற்கிறோம், டொலர் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பும் போலி இதழிலும் ஒரு பெயர் சட்டப்படி பிறந்துவிடலாம். அப்படிப் பிறந்த பெயரை யாரும் கிழித்து எறிய முடியாது. பின்னால் வருபவர் அந்த மாதிரியைத் தேடிப் பிடித்து, அளந்து, பழைய இனமே இது என்று இன்னொரு முழுக் கட்டுரை எழுதித்தான் அதைத் தீர்க்க வேண்டும்.