எண்ணெய் வற்றிப்போன முட்டி என்று ஒன்று கிடையாது

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் எங்கள் பிசியோதெரபி கிளினிக் இருக்கும் தெருமுனையில்தான் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் ஆட்களை இறக்கிவிடும். விடியுமுன் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளத்தில் இருக்கும் வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் வேலைக்குப் போன பெண்கள் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்குத் திரும்புவார்கள். அவர்கள் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பதினைந்து வருடமாகப் பார்த்துவருகிறேன். முப்பது வயதுப் பெண் படியில் கால் வைக்காமலே குதித்துவிடுவாள். நாற்பதைத் தாண்டியவர் கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஐம்பதை ஒட்டியவர் தூக்குவாளியை முதலில் கீழே கொடுத்துவிட்டு, ஜீப்பின் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, ஒவ்வொரு காலாக இறக்குவார். அவர் இன்னும் என்னிடம் வந்திருக்க மாட்டார். ஆனால் வலி அவரிடம் வந்துவிட்டது.

பலருக்கு முட்டிவலி முதலில் தெரிவது இப்படி இறங்கும்போதுதான். ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை நம்மைத் தூக்கிவிடுகிறது. இறங்கும்போதோ அதே தசை உடம்பின் முழுப் பாரத்தையும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் பாரம் தொப்பென்று முட்டியில் போய் விழுகிறது. இந்தத் தசையைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், இந்தத் தசை தெரியாது. அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அக்கா வந்தார். சுருளிப்பட்டிப் பக்கம், வயது 58, அதில் இருபத்தைந்து வருடம் ஏலக்காய் எடுத்தவர். மகன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, எக்ஸ்ரே உறையை மேஜையில் வைத்தார்.

“முட்டியில எண்ணெய் வத்திப்போச்சாம் பாப்பா. எலும்பும் எலும்பும் உரசுதாம். நடந்தா இன்னும் தேஞ்சு போயிருமாம்.”

“யாருக்கா சொன்னது?”

“எல்லாருந்தான் சொல்றாக.”

எட்டு மாதமாக அவர் வேலைக்குப் போகவில்லை. சரி, அது புரிகிறது. ஆனால் ரேஷன் கடைக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. காலையில் எழுந்தால் திண்ணை, ராத்திரி வந்தால் கட்டில். வலி குறைந்ததா என்றால் இல்லை, முன்னைவிடக் கூடியிருந்தது. இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தேன். அதிகமாக வலித்த காலின் தொடை, கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன். பாதி எழுந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த பயத்தை நான் மறக்கவில்லை.

முட்டிக்குள் எண்ணெய் வற்றுவதில்லை. மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு வழவழப்பான ஒரு திரவத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. வயதாக ஆக அதன் தன்மை கொஞ்சம் மாறும், விளக்கில் எண்ணெய் தீர்வதுபோல் அது தீர்ந்துபோகாது. வீங்கிய முட்டியில் பார்த்தால் அந்தத் திரவம் இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே இருக்கும். எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு இந்தத் திரவம்தான். நடக்கும்போது மூட்டு அழுந்தி விடுபடுவதால்தான் அந்தச் சத்து உள்ளே போகிறது. தேய்ந்துவிடும் என்று பயந்து நடக்காமல் இருந்தால் குருத்தெலும்பைப் பட்டினி போட்டதாகிவிடும்.

எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் ஆள் படும் வலியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதும் இல்லை. படத்தில் நன்றாகத் தேய்ந்த முட்டியோடு சுருளித் தீர்த்தத்துப் படிகளை ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. படம் சுத்தமாக இருந்தும் ராத்திரித் தூக்கம் இல்லாதவர்களும் உண்டு. எக்ஸ்ரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டும் வைத்து வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். படித்து முடித்து வந்த முதல் சில வருடங்கள் நானும் “படி ஏறாதீங்க, தரையில் உட்காராதீங்க, நடையைக் குறைங்க” என்றுதான் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். அவர்களில் பலர் அடுத்த வருடம் இன்னும் மெலிந்த காலோடு திரும்பி வந்தார்கள். செய்யக்கூடாததை மட்டும் சொல்லி அனுப்புவது பாதி வைத்தியம்கூட இல்லை என்பதை அவர்கள் கால்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அதற்காக, தோட்ட வேலையால் முட்டிக்குக் கெடுதலே இல்லை என்று அர்த்தமில்லை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டி நீளும் சரத்தில்தான் காய்க்கிறது. குனிந்தோ குத்துக்காலிட்டோதான் எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு உட்காரும் வேலை முட்டித் தேய்மானத்துக்கு ஒரு காரணம் என்பது மருத்துவத்தில் நிலைபெற்ற விஷயம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டி நாலு அடி நடப்பது, கொஞ்ச நேரம் ஒரு முட்டியின் கீழே சாக்கை மடித்துப் போட்டு மண்டியிடுவது, கொஞ்ச நேரம் குனிந்து எடுப்பது என்று மாற்றி மாற்றிச் செய்தாலே முட்டிக்குப் பெரிய உதவி. மேஸ்திரிகளும் கங்காணிகளும் இதைப் படித்தால், அந்த நாலு அடிக்குச் சத்தம் போடாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

“நாள் முழுக்கத் தோட்டத்துல உழைக்கிறோம், அதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?” இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். வேலை ஒரே தினுசு அசைவை உடம்பு சோரும்வரை வாங்குகிறது. பயிற்சி என்பது ஒரு தசையைக் கொஞ்ச நேரம் நன்றாக வேலை வாங்கி, பிறகு ஓய்வு கொடுத்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுவது. தசை வளர்வது இந்த இரண்டாவது வழியில்தான். முப்பது, நாற்பது வயதிலிருந்தே தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் அந்த இழப்பு வேகமாகும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபிறகு எலும்பின் பலமும் சேர்ந்து இறங்குகிறது. இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. எழுபது, எண்பது வயதிலும் பயிற்சி கொடுத்தால் தசை பலப்படும்.

உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கை வைக்காத, ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரமுள்ள நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே, அதே வயது ஆணுக்கு 14-க்குக் கீழே என்றால் சராசரியைவிடக் குறைவு. 65 முதல் 69 வயதில் பெண்ணுக்கு 11, ஆணுக்கு 12. அந்த அக்காவுக்கு அன்றைக்குக் கிடைத்த எண் பூஜ்யம்.

அவருக்குக் கொடுத்த வைத்தியத்தை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் மிஷின் எதுவும் இல்லை. வீட்டுக் கட்டிலின் மேல் இரண்டு கெட்டித் தலையணையைப் போட்டு உயரமாக்கினோம். அங்கிருந்து கை ஊன்றாமல் எழுந்திருப்பது சுலபம். ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும், ஓய்வு, மறுபடி ஐந்து. எழும்போது இருக்கும் வேகம் உட்காரும்போது இருக்கக்கூடாது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். ஜீப்பிலிருந்து இறங்கும் அதே பிடி இங்கேதான் திரும்பக் கிடைக்கிறது. பத்து தடவை சிரமமில்லாமல் வந்ததும் ஒரு தலையணையை எடுத்துவிட்டோம், அப்புறம் இரண்டாவதையும். கூடவே துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குவது, படுத்துக்கொண்டு ஒரு காலை மடித்து மற்றக் காலை விறைப்பாக ஒரு அடி தூக்கி நிறுத்துவது. வாரத்தில் மூன்று நாள் இது, மீதி நாள் தெருக்கோடிவரை நடை.

செய்யும்போது வலித்தது. வலிக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். பத்துக்கு மூன்று, நான்கு என்று சொல்லும் அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கியிருந்தால் செய்த அளவு சரி. மறுநாளும் முட்டி கூடுதலாக வலித்தாலோ வீங்கினாலோ அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும், ஆனால் நிறுத்தக்கூடாது. முதல் மூன்று வாரம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்த மூன்று வாரத்தில்தான். ஆறு வாரம் பொறுத்தால் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், பன்னிரண்டு வாரத்தில் நன்றாகவே தெரியும். அக்காவுக்குப் பன்னிரண்டாவது வாரம் 30 விநாடியில் ஒன்பது வந்தது. வலி போய்விட்டதா என்று கேட்டேன். “இருக்கு பாப்பா, ஆனா அது பாட்டுக்கு இருக்கு” என்றார். அந்த வருடம் ஆடி அமாவாசைக்கு, வீட்டுக்காரருக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சுருளிக்குப் போய்வந்தார், கையில் கம்போடு.

கம்பு என்றதும் ஒன்று. வலிக்கும் காலின் பக்கத்திலேயே கம்பைப் பிடிப்பவர்கள்தான் அதிகம். எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கையில் கம்பு. மாடிப்படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைக்க வேண்டும்.

எடை கூடியிருப்பவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் பாரம் நான்கு கிலோ அளவு குறைகிறது. ஆனால் எடை குறைக்கிறேன் என்று சாப்பாட்டைக் குறைப்பவர்கள் முதலில் குறைப்பது பருப்பையும் முட்டையையும்தான். அது தப்பு, குறைக்க வேண்டியது சோற்றை. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் அளவாவது புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராம், ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். நம் பக்கத்தில் தட்டைப்பயறுக்கும் மொச்சைக்கும் பஞ்சமில்லை. கேரளத்திலிருந்து வரும் மத்தி மீனில் புரதமும் உண்டு, வைட்டமின் டியும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள்.

குமுளிப் பக்கம் போய் எண்ணெய் போட்டு நீவிவிடும் உழிச்சில் செய்துகொள்வது இங்கே வழக்கம். நான் தடுப்பதில்லை. இளஞ்சூட்டில் கொட்டஞ்சுக்காதியோ முறிவெண்ணெயோ தேய்த்தால் இறுக்கம் தளரும், தூக்கம் வரும். மழைக்காலக் குளிரில் அது பெரிய சுகம். ஆனால் எந்தத் தைலமும் தசைக்குப் பலம் ஏற்றாது. தளர்ந்த அந்த நேரத்தில் பயிற்சியைச் செய்துவிட்டால் இரண்டும் பலன் தரும்.

நான் கோபப்படுவது ஒன்றுக்குத்தான். கடையில் சீட்டே இல்லாமல் தாளில் மடித்துக் கொடுக்கும் வலி மாத்திரை. ஒரு செட்டில் மூன்று, நான்கு மாத்திரை, பெயர் கிடையாது. தின்ற அரை மணியில் வலி பறந்துவிடும். அப்படி வேகமாக வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மற்ற வலி மாத்திரைகளை நாள்பட எடுத்தாலும் வயிற்றில் புண், ரத்தக்கசிவு, பிரஷர், சிறுநீரகப் பாதிப்பு என்று வரிசையாக வரும். பழகியபின் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மாத்திரைப் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லா வலியும் என்னிடம் வர வேண்டிய வலியும் இல்லை. மழைக்காலத்தில் தோட்டத்துக்குப் போய்வந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக வலித்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உழிச்சிலுக்குப் போகாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் இருந்தாலோ, இடுப்பு வலியோடு மூத்திரம் அடைத்தாலோ தன்னை அறியாமல் போனாலோ காத்திருக்கக்கூடாது. இடது தோள் வலி என்று வந்த ஒருவர் நாற்காலியில் வியர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோளைத் தொடாமல் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், மாரடைப்புதான்.

கிளினிக்குக்கு வர முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். மலைக்கு மேலே கேரளப் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள், படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் எப்போது வருவார் என்று அங்குள்ள பஞ்சாயத்தில் விசாரிக்கலாம்.

போன மாதம் ஜீப் ஓட்டும் தம்பி ஒருவரிடம் பின்படி ரொம்ப உயரம் என்று சொன்னேன். “நானும் எங்கம்மாவைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன் அக்கா” என்றார். அடுத்த வாரம் ஒரு மரமுக்காலியை சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு வந்தார். இப்போது சாயங்காலம் வண்டி நின்றதும் முதலில் இறங்குவது அந்த முக்காலிதான்.