கொழும்பில் அறை வெப்பநிலை 25 பாகை அல்ல

செயன்முறைக் குறிப்பேட்டில் மிகச் சரியான விடையைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும். 0.12 கிராம் மகனீசியம் நாடாவை ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் இட்டு, வெளிவரும் ஐதரசனை நீரின் மேல் சேகரித்து அளக்கும் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.005 மூல் (துகள்களை எண்ணும் அலகு) வாயு. ஒரு மூலுக்கு 22.4 லீற்றர், ஆகவே 112 மில்லிலீற்றர். வகுப்பில் பாதிப் பேருடைய கொப்பியில் 112 என்றுதான் இருக்கும். கேட்டால் உண்மை வரும்: "சேர், 130தான் வந்துச்சு. பிழையா இருக்கும்னு நினைச்சு அழிச்சிட்டேன்."

அந்த 130 பிழையே இல்லை. 22.4 லீற்றர் என்பது 0 பாகையில் உள்ள கணக்கு. அறை வெப்பநிலை என்றால் 25 பாகை என்று படித்திருப்போம்; ஆனால் கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏசி இல்லாத ஓர் அறை பகலில் 30 பாகை. அந்த வெப்பநிலையில், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில், ஒரு மூல் வாயு ஏறத்தாழ 24.9 லீற்றர் இடம் பிடிக்கும். அப்படியானால் நமக்கு 124 மில்லிலீற்றர். மிச்சம் 6 எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து. 30 பாகையில் நீரின் நிரம்பலாவி அமுக்கம், அதாவது நீராவி தரக்கூடிய உச்ச அமுக்கம், ஏறத்தாழ 4.2 கிலோபஸ்கால்; வளிமண்டல அமுக்கத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு. ஆகவே அளவுச்சாடிக்குள் சேர்ந்திருப்பதிலும் அதே பங்கு நீராவி. அதையும் சேர்த்தால் 130. பிள்ளை கண்ணால் பார்த்துச் சரியாக எழுதியதை, மனப்பாடம் அழிப்பான் கொண்டு அழித்துவிட்டது.

புள்ளி போவதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. குளிர்நாட்டு ஆய்வுகூடத்தின் எண்களை நம் வீட்டுச் சமையலறைக்குள் அப்படியே கொண்டுவரும் பழக்கந்தான் கவலை தருகிறது. விடுமுறை நாட்களில் யூடியூப் பார்த்துப் பரிசோதனை செய்யும் பிள்ளைகள் இப்போது ஏராளம். ஆர்வம் நல்லது, நான் தடை சொல்லும் ஆள் இல்லை. ஆனால் அந்தக் காணொளி எடுக்கப்பட்ட அறை 18 பாகையாக இருந்திருக்கலாம். நம்முடையது 30. இந்தப் 12 பாகை, எரியும் பொருள்கள் விடயத்தில் சின்ன வித்தியாசம் இல்லை.

எரியும் திரவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்கு மேல் போனால், தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதன் மேற்பரப்பில் ஆவி சேர்ந்துவிடும். தீப்பற்றுநிலை என்று வைத்துக்கொள்வோம். தூய எதனோலுக்கு அது 13 பாகை அளவில். தண்ணீர் கலந்த 70 வீத மதுசாரத்துக்கும், அதாவது கைச் சுத்திகரிப்புத் திரவங்களில் உள்ளதற்கும், ஏறத்தாழ 17. நகப்பூச்சு அழிக்கும் அசற்றோனுக்கு சைபருக்குக் கீழே 20. கொழும்பில் இவை எல்லாமே வருடம் முழுவதும் அந்த எல்லையைக் கடந்த நிலையில்தான் போத்தலுக்குள் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் போதும், எரியத் தயாரான ஆவி வெளியே வரும். மண்ணெண்ணெய்க்கு எல்லை 38 பாகைக்கு மேல். அறையில் அது கொஞ்சம் அடங்கியிருக்கும். வெயில் விழும் பல்கனியிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்த கலனில் அடங்கியிருக்காது. பெற்றோலுக்கோ சைபருக்குக் கீழே 40 பாகையளவில். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது தொடர்மாடி வீடுகளுக்குள் தண்ணீர்ப் போத்தல்களில் பெற்றோல் வைத்திருந்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்கும்.

இதனால்தான் மதுசார விளக்கு எரியும்போது அதற்கு மதுசாரம் ஊற்றக் கூடாது என்பதில் நான் இரக்கமே காட்டுவதில்லை. பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவாலை கண்ணுக்கு அனேகமாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றுகிறார்கள். தீ ஊற்றும் தாரை வழியாகவே போத்தலுக்குள் ஏறுகிறது. விளக்கை மூடியால் மூடி, குளிரவிட்டு, போத்தலை வேறு மேசைக்குக் கொண்டுபோய் நிரப்புங்கள். ஃபேனையும் நிறுத்துங்கள். காற்றில் சாயும் சுவாலை, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தலைமுடியைத் தேடிப் போகும்.

தகனம் பற்றிப் பேசும்போது இன்னொரு பழைய பொய்யையும் சொல்லிவிட வேண்டும். தட்டில் நீர், நடுவில் எரியும் மெழுகுதிரி, மேலே கவிழ்த்த கண்ணாடிக் குவளை. திரி அணையும், நீர் உள்ளே ஏறும். "ஒட்சிசன் முழுவதும் தீர்ந்துவிட்டது, அதனால் ஐந்தில் ஒரு பங்கு நீர் ஏறியது" என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிறோம். மெழுகுதிரி அணையும்போது உள்ளே ஒட்சிசன் இன்னும் ஏறத்தாழ 16 வீதம் இருக்கும். எரிந்த ஒட்சிசனுக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டும் நீராவியும் வந்திருக்கும். நீர் ஏறக் காரணம் பெரும்பாலும் வெப்பந்தான்: குவளையைக் கவிழ்க்கும்போதே உள்ளே இருந்த வளி சூடாகி விரிந்து, கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. சுவாலை அணைந்ததும் மிச்ச வளி குளிர்ந்து சுருங்குகிறது, நீராவி ஒடுங்கி நீராகிறது. சோதித்துப் பார்க்க வழி உண்டு. ஒரு திரியுடன் ஒரு முறை, மூன்று திரியுடன் ஒரு முறை, அதே குவளையில் செய்யுங்கள். குவளைக்குள் உள்ள ஒட்சிசன் இரண்டு தடவையும் ஒன்றே. ஆனால் மூன்று திரிக்கு நீர் கூடுதலாக ஏறும். நீர் விறுவிறு என்று ஏறுவது சுவாலை அணைந்த பிறகுதான் என்பதையும் கவனியுங்கள். பரீட்சைக்கு வேறு விதமாக எழுதச் சொல்லித் தந்த ஆசிரியரோடு சண்டைக்குப் போக வேண்டாம், செய்து காட்டுங்கள்.

சமையலறையின் மிகப் பெரிய வாயுப் பரிசோதனை அடுப்புக்குக் கீழே நிற்கிறது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் காஸ் அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்த செய்தி நாள்தோறும் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதை ஆராய ஜனாதிபதி நியமித்த குழு, சிலிண்டருக்குள் புறொப்பேன், பியூட்டேன் கலக்கும் விகிதம் மாறியதையே காரணமாகச் சுட்டியது. விகிதம் ஏன் அவ்வளவு முக்கியம்? பியூட்டேன் சைபர் பாகையை ஒட்டிக் கொதிக்கும். புறொப்பேன் சைபருக்குக் கீழே 42 பாகையில் கொதிக்கும். நம் 30 பாகையில் தனிப் பியூட்டேன் வளிமண்டலத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான அமுக்கம் தரும். தனிப் புறொப்பேன் பத்து மடங்குக்கு மேல் தரும். புறொப்பேன் கூடினால் ரெகுலேட்டரும் குழாயும் தாங்க வேண்டிய சுமையும் கூடுகிறது. தேய்ந்த வளையமும் வெடிப்பு விழுந்த ரப்பர் குழாயும் முதலில் கைவிடும்.

இரண்டு வாயுவும் வளியைவிடப் பாரமானவை. கசிந்தால் தரையோடு பரவி, மூலைகளில் தேங்கும். ஏசிக்காக ஜன்னல்களை எல்லாம் அடைத்த வீட்டில் அது போக வழியே இல்லை. மணம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து வெளியே வாருங்கள். கசிவு பார்க்கச் சவர்க்கார நுரைதான். நெருப்புக்குச்சி கொண்டு பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிலிண்டர் தீரும் நேரத்தில் அதைப் படுக்க வைத்து எரிப்பது இன்னொரு கெட்ட வழக்கம். வாயு வர வேண்டிய வழியில் திரவம் வரும். ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும்.

அதே சிலிண்டரில் நல்ல பாடமும் உண்டு. பெரிய அடுப்பை நீண்ட நேரம் எரித்தபின் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வியர்வை பூத்திருக்கும். உள்ளே திரவம் ஆவியாகும்போது சுவரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நம் ஈரக்காற்று அங்கே ஒடுங்குகிறது. வியர்வை நிற்கும் கோடுதான் திரவம் நிற்கும் மட்டம்.

உறைதலுக்கு வருவோம். தண்ணீர் உறைவதை நம் பிள்ளைகள் ஃபிரிட்ஜுக்குள் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். தேங்காயெண்ணெய்தான் நமக்கு ஏற்ற பொருள் என்பேன். அது 24 பாகையளவில் கட்டியாகும். கொழும்பில் போத்தலுக்குள் எப்போதும் திரவம். நுவரெலியாவில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் கரண்டி போட்டு எடுக்க வேண்டும். ஒரு சோதனைக்குழாயில் கொஞ்சம் எண்ணெய், உள்ளே வெப்பமானி, வெளியே குளிர்ந்த நீர். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வாசித்து வரைபு வரையுங்கள். தூய பொருளில் வரும் தட்டையான கோடு இதில் வராது, சாய்வாக இழுபடும்; பல கொழுப்புகளின் கலவை என்பதால். இதிலும் வந்ததை வந்தபடியே எழுதுங்கள். இதைவிடப் பாதுகாப்பான பரிசோதனை எனக்குத் தெரியாது.

ஐஸும் உப்பும் அப்படியல்ல. மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு உப்பு: கோட்பாட்டளவில் சைபருக்குக் கீழே 21 பாகை வரை போகலாம். நம் வெப்பத்தில் ரெஜிஃபோம் (வெப்பத்தை எளிதில் கடத்தாத நுரைப் பிளாஸ்டிக்) கோப்பை இல்லாமல் செய்தால் அவ்வளவு இறங்காது. ஆனால் அதில் பாதி இறங்கினாலே தோலைச் சாகடிக்கப் போதும். உப்பையும் ஐஸையும் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துத் தாங்கும் பந்தயக் காணொளிகள் பிள்ளைகளின் ஃபோன்களில் சுற்றுகின்றன. குளிர் மரக்க வைப்பதால் வலி தெரியாது. காயம் பிறகு கொப்புளமாக எழும்பும்.

கல்யாண மேடைகளில் புகை எழுப்பும் ட்ரை ஐஸ் சைபருக்குக் கீழே 78 பாகை. வெள்ளைப் புகையாகத் தெரிவது காபனீரொட்சைட்டு இல்லை, அதற்கு நிறமே கிடையாது. அது நம் ஈரக்காற்றின் நீர்த்துளி. மிஞ்சிய கட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ட்ரை ஐஸ் 30 பாகையில் ஏறத்தாழ 565 லீற்றர் வாயு. கார் உட்புறம் 3000 லீற்றர் என்று வைத்தால், கண்ணாடிகளை மூடிய நிலையில் அது முழுதும் வாயுவானால் வளியில் ஆறில் ஒரு பங்கு அதுதான். 10 வீதமே ஆளை மயக்கிவிடும். மூடி இறுக்கிய போத்தலுக்குள் போட்டாலோ போத்தல் வெடிகுண்டாகிவிடும். அதைத் "தமாஷ்" என்று செய்து காட்டும் காணொளிகளும் உண்டு.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சூடு பட்டுவிட்டால், பற்பசையும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஐஸ், வெந்த தோலை இரண்டாவது தடவை காயப்படுத்தும். மோதிரம், காப்புகளைக் கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். நம் குழாயில் வரும் தண்ணீர் அவ்வளவு குளிராக இராது, அது போதும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி, முகம், கை, மூட்டு என்றால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அம்புலன்சுக்கு 1990, தீயணைப்புக்கு 110.