கல்வீட்டு ஏழைகள்: அஸ்வெசும வன்னியை அளக்கும் விதம்

வறிய குடும்பங்களுக்கு மாதாந்தம் காசு கொடுக்கும் அரச திட்டமான அஸ்வெசுமவின் பட்டியலில் பெயர் வராதவர்கள் பிரதேச செயலகத்துக்கு வந்து முதலில் சொல்வது அநேகமாக இதுதான்: "பக்கத்து வீட்டுக்குக் கிடைச்சிருக்கு, எங்களுக்கு இல்லை." அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதையே முறையீடாக எழுதிக் கொடுத்தால் பலன் கிடைப்பது அரிது. இந்தத் திட்டம் அயலவரோடு உங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு நாள் வந்து கேட்டுப் பதிந்த பதில்களைப் புள்ளிகளாக்கிக் கூட்டுகிறது, அவ்வளவுதான். எந்தப் பதில் பிழை என்று காட்டினால் மட்டுமே கூட்டல் மாறும்.

கூட்டல் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் நெடுங்காலம் புத்தகத்திலேயே கிடந்தது. 2022இல் நாடு வங்குரோத்தாகி, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு வந்த பிறகுதான் அது முழுவேகத்தில் இயங்கத் தொடங்கியது. 2023 யூலை 1 முதல் கொடுப்பனவுகள் நடைமுறைக்கு வந்தன. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பரப்புகளில் 22 குறிகாட்டிகள். ஒவ்வொன்றிலும் குடும்பம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு நிறை உண்டு. மொத்தப் புள்ளியை வைத்து நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். ஆரம்பத்தில் மிகவும் வறியவர்களுக்கு மாதம் 15,000 ரூபா, வறியவர்களுக்கு 8,500, பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களுக்கு 5,000, நிலைமாறும் நிலையில் உள்ளவர்களுக்கு 2,500. முதல் இரண்டு வகுப்புக்கும் மூன்று வருடம், மற்ற இரண்டுக்கும் அதைவிடக் குறுகிய காலம் என்பது அன்றைய ஏற்பாடு. 2025இல் 15,000 ரூபா 17,500 ஆகவும், 8,500 ரூபா 10,000 ஆகவும் கூடியது.

இதற்கு முன்பிருந்த அரச வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தியோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நன்மை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 1995இல் தொடங்கிய சமுர்த்தி மீது நாடு முழுக்க இருந்த குற்றச்சாட்டு, கட்சிக்காரரின் கை பட்டியலுக்குள் நுழைகிறது என்பது. இங்கே எந்த அரசியல்வாதியின் கடிதமும் புள்ளியைக் கூட்டாது. வட இலங்கையின் வன்னிக்குப் போர்க்காலத்தில் சமுர்த்தியை விட நிவாரண அட்டைதான் பழக்கம். அரிசி, மா, பருப்பு, சீனி எல்லாம் குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கணக்குக்கே வந்தன. யார் எவ்வளவு ஏழை என்று அளக்கும் முறை அந்த வகையில் எங்கள் சனத்துக்குப் புதிது. புதிய அளவுகோலில் வன்னிக்கு எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

2019ஆம் ஆண்டு வீட்டு வருமான செலவினக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3, வன்னியின் முல்லைத்தீவு மாவட்டத்தில் 44.5. நாட்டிலேயே கூடிய வீதம் அது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு குறிகாட்டி பிழையாக வாசிக்கப்பட்டாலும் அதன் சுமை வேறு எந்த மாவட்டத்தையும் விட அதிகம்.

முதல் சறுக்கல் வீடு. மீள்குடியேற்றத்துக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பகுதி உதவித்திட்ட வீடுகள். இந்திய வீட்டுத் திட்டத்தில் 550 சதுர அடி வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. அத்திவாரம் எழும்பினால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி. மணலும் சீமெந்தும் விலையேறிய காலத்தில் அந்தக் காசு போதாமல் நகையை அடகு வைத்து முடித்தவர்கள் பலர். முடிக்காமல் விட்டவர்களும் பலர். கணக்கெடுப்பவரின் கைக்கருவியில் அந்த வீடு கற்சுவர், சீமெந்து நிலம், நிரந்தரக் கூரை, தனி மலசலகூடம் என்று பதியப்படும். உள்ளே போனால் முன்வாசலுக்கு மட்டும்தான் மரக்கதவு. அறைகளுக்குப் பழைய சேலைத் திரை. சன்னல் நிலைக்குள் உரப்பையை விரித்து ஆணி அடித்திருக்கும். சுவருக்குப் பூச்சில்லை. அந்த வீட்டுப் பெண் கச்சான் பிடுங்கும் காலத்தில் நாட்கூலிக்குப் போகிறவர், மாரியில் அதுவும் இல்லை. வீடு உழைத்துக் கட்டிய சொத்தல்ல, நன்கொடை. ஆனால் நன்கொடையா உழைப்பா என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. தகரக் கொட்டிலில் இருக்கும்போது உதவி கேட்டவர் கல்வீடு கிடைத்ததும் ஏழையில்லை ஆகிவிடுகிறார்.

இதற்கு முறையீட்டில் என்ன செய்யலாம்? சுவர் கல் என்று பதிந்தது சரியான பதில். அதை எதிர்த்து எழுதிப் பயனில்லை. முடிக்கப்படாத பகுதிகளைப் படம் எடுத்து இணைக்கலாம், பிழையாகப் பதியப்பட்ட வேறு குறிகாட்டிகளைத் தேடலாம். அங்கேதான் வேலை இருக்கிறது.

மின்சாரத்தை எடுங்கள். ஒரே வளவுக்குள் தாய்க்கு ஒரு வீடு, கலியாணம் முடித்த மகளுக்கு ஒரு கொட்டில், இரண்டுக்கும் ஒரே மீற்றர். மின் பட்டியலில் வரும் அலகு இரண்டு குடும்பத்தினுடையது, பதியப்படுவதோ ஒருவர் பெயரில். வீட்டு இணைப்பிலேயே தோட்டக் கிணற்றுப் பம்பும் ஓடினால் கோடையில் அலகு எகிறும். அது சொகுசுப் பாவனை அல்ல, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறைத்த தண்ணீர். பன்னிரண்டு மாதப் பட்டியல்களை வரிசைப்படுத்தி, எந்த மாதங்களில் பம்பு ஓடியது என்று பேனாவால் குறித்துக் கொடுத்தால் பார்ப்பவருக்கு விளங்கும். வெறுமனே "கரண்ட் பில் கூட வந்தது பிழை" என்று எழுதினால் விளங்காது.

அதே வளவில் இன்னொரு பிழையும் நடக்கிறது. இரண்டு குடும்பத்தையும் ஒரே விலாசம் என்பதால் ஒன்றாகச் சேர்த்து விடுவார்கள். குடும்பத்தைப் பிரிப்பது தனி உலைதான், விலாசம் அல்ல. யார் எந்த அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்திய கடிதம் இதற்கு முக்கியம். மாறாக, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்தை இரண்டாகக் காட்டிப் பதிவதும் நடக்கிறது. மீளாய்வில் பிடிபட்டால் உள்ளதும் போய்விடும்.

காணியில் சிக்கல் வேறு விதம். அனுமதிப்பத்திரத்தில் இரண்டு ஏக்கர் வயல் இருக்கும். அதில் ஒரு பகுதியை வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்டு எடுத்திருக்கும், அல்லது குளத்துத் தண்ணீர் வராமல் மாரிப் பருவத்துக் காலபோகம் மட்டும் விதைக்க முடியும். வேறு சிலர் மற்றவரின் வயலைக் குத்தகைக்குச் செய்பவர்கள். உர மானியத்துக்காகக் கமநல சேவை நிலையத்தில் அவர்கள் பெயரில் ஏக்கர் கணக்கு இருக்கும், ஆனால் காணி அவர்களுடையதல்ல. கமநல சேவை நிலையத்தில் சொந்தக்காரரா, குத்தகைக்காரரா என்று குறிப்பிட்டுக் கடிதம் வாங்குங்கள். பயிர் செய்ய முடியாத காணி என்றால் எந்த ஆண்டிலிருந்து, எதனால் என்பது கடிதத்தில் இருக்கவேண்டும்.

உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் இப்படித்தான். லீசிங்கில் எடுத்த வாகனத்தின் புத்தகம் கம்பனியிடம், வாகனம் முற்றத்தில். தவணை தவறி வாகனத்தையே இழுத்துக்கொண்டு போன பிறகும் பதிவில் "உண்டு" என்று இருப்பதைக் காண்கிறோம். மீளப் பெற்ற கடிதத்தின் பிரதி இருந்தால் இது ஒரு வரியில் தீரும்.

கணக்கெடுப்பு எந்த மாதத்தில் நடந்தது என்பதும் பதில்களைப் பாதிக்கும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து விறாந்தையில் நெல் மூடைகள் அடுக்கியிருக்கும்போது வந்தவர் ஒன்றைக் காண்பார். ஐப்பசியில், விதைப்புக்குக் கடன் வாங்கி, கடையில் அரிசிக்குக் கொப்பி எழுதும் காலத்தில் வந்தவர் இன்னொன்றைக் காண்பார். அடுக்கிய மூடையில் உரக்கடைக்கும் வெட்டு மெசினுக்கும் எத்தனை போகும் என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நாள் பார்வையை வருடக் கணக்குக்குச் செல்லுபடியாக்குவது, ஒரு வெள்ளத்திலோ வரட்சியிலோ எல்லாம் போகும் விவசாயப் பிரதேசத்துக்குப் பொருந்தாத ஏற்பாடு என்பது எங்கள் தொழில்சார் அபிப்பிராயம்.

உடம்புக்குள் இருக்கும் காயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கால் இழந்தவரைப் பார்த்தவுடன் பதிவார்கள். முதுகில் போர்க்கால எறிகணைத் துண்டோடு இருப்பவர், பாரம் தூக்க முடியாதவர், ஒரு காது கேளாதவர் நடந்து வந்து கதவைத் திறப்பார். "நோயாளர் இல்லை" என்று பதிவு முடிந்துவிடும். கிளினிக் கொப்பி, எக்ஸ்-கதிர் அறிக்கை, வைத்திய அதிகாரியின் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கணக்கெடுக்க வருவோருக்குக் காட்ட எடுத்து வையுங்கள். சிறுநீரக நோயாளர்களும் இதையே செய்யவேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பெயரை வீட்டிலுள்ள உழைக்கும் உறுப்பினராகப் பதிய விடாதீர்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்கள் அதை எடுக்கத் தேவையில்லை. அவர் வீட்டில் இல்லை என்பதைக் காணாமற்போனோருக்கென வழங்கப்படும் சான்றிதழாலோ கிராம அலுவலரின் கடிதத்தாலோ காட்டலாம்.

இனி முறையீட்டைப் பார்ப்போம். முதல் கட்டத்தில் நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் முறையீடுகள் குவிந்தன. அப்படியொரு குவியலில் நீண்ட கதை எழுதிய கடிதத்தை ஒருவரும் முழுதாக வாசிக்கமாட்டார்கள். ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். மேலே குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட இலக்கம், விண்ணப்பதாரரின் அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு. பிறகு ஒரு பிழைக்கு ஒரு பந்தி, இந்த மாதிரி: "உழவு இயந்திரம் உண்டு எனப் பதியப்பட்டுள்ளது. அது தவணை நிலுவைக்காக மீளப் பெறப்பட்டது. கடிதம் இணைப்பு 2." இவ்வளவு போதும். "நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம்" என்ற வரிக்குப் புள்ளி இல்லை. இரண்டு பிரதிகள் கொண்டுபோய், பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவில் ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத முறையீடு கொடுக்காத முறையீட்டுக்குச் சமம். காலக்கெடு அறிவித்தல் பலகையில் இருக்கும், குறுகியதாகவே இருக்கும். சந்தேகம் என்றால் 1924க்கு எடுத்துத் தமிழில் கேட்கலாம்.

உங்கள் வீட்டைப் பற்றி என்ன பதிந்தார்கள் என்றே தெரியாவிட்டால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வன்னியில் இதைப் பயன்படுத்துவோர் குறைவு. பிரதேச செயலகத் தகவல் அலுவலருக்கு, "எமது குடும்பம் தொடர்பாகப் பதியப்பட்ட பதில்களின் பிரதியும் ஒவ்வொரு குறிகாட்டிக்கும் வழங்கிய புள்ளியும் வேண்டும்" என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டு தரவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. முறையீட்டுக் காலக்கெடு இதற்காகக் காத்திருக்காது. ஆகவே இரண்டையும் ஒரே நாளில் கொடுங்கள்.

தெரிவான பிறகும் காசு வராமல் இருப்பதற்கு அநேகமாகப் பெயர்தான் காரணம். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. விண்ணப்பத்தில் பழைய ஒன்பது இலக்கமும் ஆங்கில எழுத்தும், வங்கியில் புதிய பன்னிரண்டு இலக்கம். இரண்டும் ஒருவரே என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் ஒரே அட்டையின் பிரதியைக் கொடுங்கள். காசு வரத் தொடங்கியதும் ஏ.டி.எம். அட்டையைக் கடைக்காரரிடமோ வாரக்கடன் கொடுப்பவரிடமோ பிணையாக விடாதீர்கள்.

ஏழையைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதா, எல்லோருக்கும் கொடுப்பதா என்ற வாதம் இலங்கையில் பழையது. பங்கீட்டு அரிசி ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தது. அதன் விலையைக் கூட்டியபோது 1953இல் ஹர்த்தால் வெடித்தது. 1979இல் வருமானம் பார்த்துக் கொடுக்கும் உணவு முத்திரை வந்ததோடு நாடு மற்றப் பக்கம் திரும்பியது. தேடிப் பிடிக்கும் முறை காசைச் சேமிக்கும் என்பது உண்மை, ஆனால் விடுபடுபவரின் செலவு அரச கணக்கில் வராது. அந்தச் செலவு நகைக்கடையிலும் நுண்கடன் புத்தகத்திலும் எழுதப்படுகிறது.

முழு உதவியையும் எல்லோருக்கும் கொடுக்க இன்றைய திறைசேரியால் முடியாது என்பதை ஏற்கிறோம். முதுமைக்கும் அங்கவீனத்துக்கும் மட்டும் அந்த வாதம் பொருந்தாது. 2023 திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் 72,000 பேர் மட்டும் என்று எண்ணிக்கைக்கு வரம்பு போடப்பட்டிருந்தது. அந்த எண்ணுக்கு அப்பால் இருந்தவர் தகுதி இருந்தும் முன்னுள்ளவரின் இடம் வெறுமையாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 70 வயதைப் பிறப்புச் சான்றிதழ் சொல்லும், இழந்த காலை வைத்திய சான்றிதழ் சொல்லும். இரண்டுக்கும் கைக்கருவியும் வேண்டாம், 22 குறிகாட்டியும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 10,000, முதியவர்களுக்கு 5,000 என்று 2025இல் உயர்த்திய தொகையைப் புள்ளியிலிருந்தும் எண்ணிக்கையிலிருந்தும் பிரித்து உரிமையாகக் கொடுப்பதுதான் முதலில் கேட்கவேண்டிய மாற்றம். இரண்டாவது, உதவித்திட்ட வீடு என்றால் அதைத் தனியாகக் குறிக்க ஒரு கட்டம். கிராம அலுவலரின் பதிவேட்டில் எந்த வீடு எந்தத் திட்டத்தில் வந்தது என்ற விபரம் இருக்கிறது. அதைக் கைக்கருவிக்குள் கொண்டுவருவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, நலன்புரி நன்மைகள் சபை மனம் வைத்தால் அடுத்த கணக்கெடுப்புக்கு முன்பே முடிக்கலாம்.