பெண்கள் ரக்பி: கழுத்தைத் தயார்செய்யாமல் களமிறங்காதீர்கள்

2014 ஆகஸ்டில் பாரிஸில் கனடாவை 21-9 என வென்று இங்கிலாந்துப் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த அணியில் கேட் மெர்ச்சன்ட்டும் இருந்தார், எமிலி ஸ்காரட்டும் இருந்தார். அடுத்தடுத்து வாங்கிய தலைக்காயங்களால் மருத்துவர்கள் சொன்னதை ஏற்று, மெர்ச்சன்ட் அதே ஆண்டில் 28 வயதில் ஆட்டத்தை விட்டார். ஸ்காரட் 2025 வரை ஆடினார்: நாட்டுக்காக 119 ஆட்டங்கள், 754 புள்ளிகள், ஐந்து உலகக் கோப்பைகள். அவருக்கும் 2023இல் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த ஆண்டுதான் அணிக்குத் திரும்ப முடிந்தது.

முட்டிக் காயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கழுத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு வீராங்கனை எத்தனை ஆண்டு ஆடப்போகிறார் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

தலையின் எடை நாலரை முதல் ஐந்து கிலோ. ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களின் கழுத்து மெலிந்தது, தசை வலிமையும் குறைவு. அதனால் ஒரே வேகத்தில் இடிபட்டாலும் பெண்ணின் தலை அதிகமாக உலுக்கப்படுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. பல பையன்கள் ஏழெட்டு வயதிலேயே விழுந்து புரண்டு பழகிவிடுகிறார்கள். பெண்கள் பலர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் முதன்முதலாகப் பந்தைத் தொடுகிறார்கள். விழத் தெரியாமல் மல்லாக்க விழும்போது, முதுகு தரையைத் தொட்ட மறுகணம் பின்மண்டை சாட்டை நுனிபோல் சுழன்று தரையில் அறைகிறது. பெண்கள் ஆட்டத்தில் மூளை அதிர்வுக்கு (கன்கஷன்) இது முக்கியமான வழி. டாக்கிள், அதாவது பந்தோடு ஓடிவருபவரைப் பிடித்து வீழ்த்துவதைக் கற்றுத்தரும் முன்பே விழக் கற்றுத்தர வேண்டும்: முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும், பந்து இரு கைக்குள் இருக்கட்டும், இடுப்பில் தொடங்கித் தோள் வரை உருண்டு இறங்கட்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ போகும். முதலில் மண்டியிட்டபடி பாயில் பழகி, அப்புறம் நின்றபடி, கடைசியாக ஓடியபடி.

டாக்கிள் செய்பவர் செய்யும் பெரிய தவறு, ஓடிவருபவரின் முன்பக்கமாகத் தலையை நுழைப்பது. அப்போது எதிராளியின் இடுப்போ முட்டியோ நேராகப் பொட்டில் மோதும். தலை எப்போதும் அவருடைய பின்புறமாகப் போக வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். கடைசி இருபது நிமிடங்களில் கால் சோர்ந்து முட்டி மடங்காமல் நிமிர்ந்தே மோதுகிறார்கள். அங்கேதான் தலையும் தலையும் இடிக்கின்றன. இங்கிலாந்தின் உள்ளூர் ஆட்டங்களில் 2023 முதல் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் டாக்கிள் செய்ய வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான்.

கழுத்துப் பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். உள்ளங்கையை நெற்றியில் வைத்து அழுத்துங்கள், தலை அசையக்கூடாது. பத்து விநாடி. பிறகு பின்மண்டை, இடம், வலம். ஒவ்வொரு திசைக்கும் ஐந்து முறை, வாரத்தில் மூன்று நாள். சில வாரங்கள் கழித்துக் கையின் இடத்தில் ரப்பர் பட்டை. பழகாத கழுத்தில் முதல் நாளே எடை தொங்கவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் பயிற்சியையே விட்டுவிடுவார்கள். கை மரத்துப்போனாலோ, விரலில் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெத்தென்ற தலைக்கவசம் காதையும் மண்டைத் தோலையும் காக்கும், மவுத்கார்டு பல்லைக் காக்கும். இரண்டும் மூளை அதிர்வைத் தடுக்காது. பெரிய போட்டிகளில் இப்போது போடும் சென்சார் மவுத்கார்டும் தடுப்புக் கருவி அல்ல. இடியின் வேகத்தை அளந்து சொல்கிறது, அவ்வளவே. 2025 உலகக் கோப்பையில் அளவுக்கு மீறி இடிபட்டால் வாயிலேயே சிவப்பு விளக்கு மின்னியது. வாயில் சரியாகப் பொருந்தாமல் ஆடினால் அது பிழையான எண்ணைக் காட்டும்.

அடி விழுந்த பிறகு என்ன செய்வது? நினைவு தப்பினாலோ, தள்ளாடினாலோ, ஸ்கோர் எவ்வளவு என்று குழம்பினாலோ அன்றைய ஆட்டம் முடிந்தது. சர்வதேச ஆட்டத்தில் சந்தேகம் மட்டும் இருந்தால் 12 நிமிடம் வெளியே வைத்துச் சோதிப்பார்கள். ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் ஒரு முறை, இரண்டு இரவு தூங்கிய பின் இன்னொரு முறை. முதல் சோதனையில் தேறியவருக்கும் இவை உண்டு, ஏனென்றால் தலைவலியும் மந்தமும் பல மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். உள்ளூர்க் கிளப்பில் அந்த 12 நிமிடச் சோதனையே கிடையாது. சந்தேகம் வந்தாலே வெளியே, அவ்வளவுதான். வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, எழுப்ப முடியாத தூக்கம் என்றாலோ மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அன்றிரவு தனியாக விடாதீர்கள், வண்டி ஓட்டவும் விடாதீர்கள்.

மூளை அதிர்வுக்குப் பின் முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. பிறகு நடை, சைக்கிள், பிறகு தனியாக ஓட்டம், அப்புறம் மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் ஒப்புதலோடு மோதல் பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். பிரிட்டனின் உள்ளூர் விளையாட்டில் 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்பக்கூடாது. கடைசி 14 நாளாவது அறிகுறி இல்லாமல் இருந்தால்தான் மோதல் பயிற்சி. நடுவில் தலைவலி திரும்பினால் அறிகுறி அடங்கும்வரை காத்து, முந்தைய படிக்குப் போங்கள்.

முழுநேர ஒப்பந்தம் இல்லாத வீராங்கனைகள் பகலில் வேலை பார்க்கிறார்கள் அல்லது படிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் எளியது: கம்ப்யூட்டர் திரை முன் ஒரு முழு வேலைநாள் தலைவலியில்லாமல் உட்கார முடியாதவர் இன்னும் மோதல் பயிற்சிக்குத் தயாராகவில்லை.