குப்பிக்குள் பிடிபடும் ஆக்ஸிஜன்

"கழிமுகத்தில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால், தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று செய்தி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத வாயு தண்ணீருக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அளக்கிறார்கள்? அள்ளி எடுக்கும்போதே காற்று பட்டு அளவு மாறிவிடாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது கேள்விக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நீர்த்தர ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் அதற்கான பதிலில்தான் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். மீன் சுவாசிப்பது நீர் மூலக்கூறில் பிணைந்திருக்கும் ஆக்ஸிஜனை அல்ல. தண்ணீரில் தனியே கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 275 மில்லிகிராம் ஆக்ஸிஜன் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில், காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீரில் 7 மில்லிகிராம்கூடத் தேறாது. சூடு ஏறினால் அதுவும் குறையும். இந்தச் சொற்ப இருப்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அந்த இடத்தை ஆக்ஸிஜன் வறண்ட பகுதி என்று ஆய்வாளர்கள் கணக்கில் வைக்கிறார்கள். ஓட முடிந்த மீன்கள் ஓடிவிடும். சிப்பியும் புழுவும் எங்கே போகும்?

வயல் உரமும் கழிவுநீரும் ஆற்று வழியாகக் கடலுக்கு வரும்போது பாசிகள் அபரிமிதமாகப் பெருகுகின்றன. அவை செத்து அடியில் படிய, அவற்றை மட்கச் செய்யும் நுண்ணுயிரிகள் ஆக்ஸிஜனைத் தின்று தீர்க்கின்றன. மேலே எடை குறைந்த ஆற்று நீரும் கீழே எடை கூடிய உப்பு நீரும் அடுக்காக நின்றுவிட்டால், மேலிருந்து புது ஆக்ஸிஜன் அடிக்கு இறங்க வழியில்லை. மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் நடப்பது இதுதான். 2017-இல் அங்கே ஆக்ஸிஜன் வறண்ட பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். உலகம் முழுக்க இப்படி 400-க்கும் மேற்பட்ட இடங்கள் இருப்பதாக 2008-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது.

ஆழமில்லாத நீர்நிலைகளில் இன்னொரு விஷயமும் உண்டு. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனைக் கொட்டும். இரவில் அதே பாசி சுவாசித்து ஆக்ஸிஜனை உறிஞ்சும். ஆகவே அளவு மிகக் கீழே போவது விடிவதற்குச் சற்று முன்பு. மீன்கள் இரவோடு இரவாகச் சாவதன் மர்மம் இவ்வளவுதான். இதைத் தெய்வக் குற்றம் என்றும், நிலநடுக்கத்துக்கு முன்னறிவிப்பு என்றும் பரப்புகிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. பயம் பரவும் நேரத்தில் கழிவைத் திறந்துவிட்டவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. அதேபோல, பகல் இரண்டு மணிக்கு வந்து அளந்துவிட்டு "ஆக்ஸிஜன் நன்றாகத்தானே இருக்கிறது" என்று அறிக்கை எழுதுவதையும் ஏற்க முடியாது. எந்த நேரத்தில் அளந்தது என்று சொல்லாத எண் பாதி எண்தான்.

சரி, அளப்பதற்கு வருவோம். 1888-இல் ஒரு வழியை வெளியிட்டவர் புடாபெஸ்டில் பணியாற்றிய லாயோஷ் விங்க்லர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். வாயுவை வாயுவாகவே ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் வழியில் கூடும், குறையும். அதனால் தண்ணீர் எடுத்த இடத்திலேயே, குப்பிக்குள்ளேயே அதை ஒரு திடப்பொருளோடு பிணைத்துவிட வேண்டும் என்பது அவர் யோசனை.

முதலில் குப்பியை நிரப்பும் விதம். ரப்பர் குழாயின் நுனியை அடிவரை இறக்கி, குமிழி வராமல் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். நிரம்பிய பிறகும் நிறுத்தக் கூடாது. குப்பியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு வழிந்தோட விட வேண்டும். காற்றைத் தொட்ட நீரெல்லாம் வெளியே போய்விட, உள்ளே நிற்பது காற்றே படாத நீர். வாசகரின் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. ஆய்வுக் கப்பல்களில் ஆழத்து நீர் மேலே வந்ததும் அவசரமாக முதலில் எடுக்கப்படும் மாதிரிகளில் ஆக்ஸிஜனுக்கானதும் ஒன்று.

அப்புறம் இரண்டு கரைசல்கள். ஒன்று மாங்கனீசு உப்பு. மற்றது அயோடைடு கலந்த காரம். பிப்பெட்டின் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி இரண்டையும் விட்டு, குமிழி தங்காமல் தேய்த்த கண்ணாடி மூடியைச் செருகி, குப்பியைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். காரத்தில் மாங்கனீசு ஹைட்ராக்சைடு வெண்மையாக வீழ்படியும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் அந்த வெள்ளை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாக மாறும். ஆக்ஸிஜன் மிகுந்த நீரில் அடர்ந்த பழுப்பு. குறைந்த நீரில் வெளிறிய பழுப்பு. ஆக்ஸிஜனே இல்லாத அடிநீரில் வீழ்படிவு வெள்ளையாகவே நிற்கும். எண் எதுவும் வருவதற்கு முன்பே, வரிசையாக வைத்த குப்பிகள் எந்த ஆழத்தில் உயிர் வாழ முடியாது என்று காட்டிவிடுகின்றன.

அடுத்த படிதான் விங்க்லரின் மேதைமை. வீழ்படிவு அடியில் இறங்கியதும் அமிலம் சேர்க்கிறார்கள். மாங்கனீசுக்கு இரண்டு குணங்கள் உண்டு. காரத்தில் அது ஆக்ஸிஜனுக்கு எலெக்ட்ரானை உடனே கொடுத்துவிடும். அமிலத்தில் கொடுக்கவே கொடுக்காது. மாறாக, முன்பே எலெக்ட்ரானை இழந்த மாங்கனீசு அமிலத்தில் அயோடைடிடமிருந்து அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே அமிலம் விழுந்த கணத்தில் இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. பழுப்பு கரைந்து, பிடிபட்டிருந்த ஆக்ஸிஜனுக்குச் சரிசமமான அயோடின் வெளிப்பட்டுத் தண்ணீர் தேன் நிறமாகிறது. அதோடு, வெளியிலிருந்து வரும் ஆக்ஸிஜன் இனி மாங்கனீசைத் தொட முடியாது. இப்போது மூடியைத் திறந்தாலும் கணக்கு கெடாது. உள்ளே விட்ட கதவு பின்னால் தானாகத் தாழிட்டுக்கொண்டதைப் போல! வாசகரின் கேள்விக்கு மீதிப் பதில் இதுதான்.

பிறகு நடப்பது பள்ளி ஆய்வகத்தில் பலரும் செய்த தரம்பார்த்தல்தான். புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேட்டை, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அயோடினைத் தீர்ப்பார்கள். நிறம் வெளிறும்போது கொஞ்சம் மாவுச்சத்துக் கரைசல் சேர்த்தால் கருநீலம் படரும். அது மறையும் சொட்டோடு நிறுத்த வேண்டும். ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறுக்கு நான்கு மாங்கனீசு, அதற்கு இரண்டு அயோடின் மூலக்கூறு, அதற்கு நான்கு தயோசல்பேட். எங்கும் ஓர் எலெக்ட்ரான்கூடச் சிந்தவில்லை. 0.025 மோலார் தயோசல்பேட்டை 200 மில்லிலிட்டர் நீருக்குப் பயன்படுத்தினால், செலவான ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்ஸிஜன். கால்குலேட்டரே வேண்டாம். பியூரெட்டைப் படித்தால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. கழிவுநீரிலும், அரபிக்கடலின் ஆக்ஸிஜன் வறண்ட நடு ஆழங்களிலும் நைட்ரைட் சேர்ந்திருக்கும். அது அமிலத்தில் தானும் அயோடைடை அயோடினாக்கி, இல்லாத ஆக்ஸிஜனை இருப்பதாகக் காட்டும். முடிந்துவிட்டது என்று நினைத்த குடுவையில் நீலம் மறுபடி எட்டிப் பார்க்கும். கழிவுநீர் ஆய்வகங்களில் சோடியம் அசைடு சேர்த்து நைட்ரைட்டை முன்பே அழித்துவிடுகிறார்கள்.

இன்று உணர்கருவிகள் வந்துவிட்டன. ஒரு சாயத்தின் மீது நீல ஒளி பட, அது சிவப்பாக ஒளிரும். ஆக்ஸிஜன் மூலக்கூறு வந்து மோதினால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும், ஒளிர்வு மங்கும். கடலில் தானாக மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகள் சிலவற்றில் இந்தக் கருவி இருக்கிறது. மேலே வரும்போது காற்றில் உள்ள ஆக்ஸிஜனை அளந்து தன் பிழையைச் சரிபார்க்கும் வசதியும் சில மிதவைகளுக்கு உண்டு. இருந்தாலும் சாயக் கருவிகள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போதே அளவு பிசகும். அவற்றைத் திருத்த ஒப்பிடும் அளவுகோலாகக் கப்பலில் இன்றும் வைத்திருப்பது விங்க்லர் குப்பியைத்தான்.

ஆய்வு நிதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புதுக் கருவி வாங்கப் பணம் கேட்டால் கிடைப்பது சுலபம். அதே கழிமுகத்தில் அதே இடத்தில் மாதம் தவறாமல் அடுத்த இருபது ஆண்டு அளக்கப் பணம் கேட்டால், "இதில் புதுமை என்ன?" என்று கேட்கிறார்கள். 1960-லிருந்து உலகப் பெருங்கடல்கள் தம் ஆக்ஸிஜனில் 2 சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்டன என்று 2017-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த முடிவுக்கு ஆதாரமான பழைய எண்களில் பெரும்பாலானவை, ஆடும் கப்பலில் நின்றபடி பியூரெட்டில் நீலம் மறைவதைப் பார்த்துக் குறித்துவைத்த விங்க்லர் அளவுகள். அவற்றைக் குறித்தவர்களில் பலருக்கு அந்த எண் எதற்குப் பயன்படப்போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் அவர்கள் சம்பளத்துக்கும் ரசாயனத்துக்கும் யாரோ ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்.